கூரைக்குக் கழிவு உண்டு

டண் டண் டண்ணென்று பால்வாளி அலறியது.

மாமரக் கிளையில் தொங்கிய பழைய வாளியை விறகுக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தவள் பஞ்சாலை. அடுத்த நொடி வரிசை வீடுகளிலிருந்து ஆண்கள் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். இராஜமாணிக்கத்துக்குக் கைலி நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வேலி தாண்டினான். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாரையும் ரப்பர்க் காடு விழுங்கிவிட்டது.

ரெம்பாவ் ரோட்டில் கடகடவென்று வந்தது லாரி அல்ல, சைக்கிள். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கம்பி கல்லில் உரச உரச, இரும்புக் கடையே உருண்டு வருவதுபோல் இருந்தது.

“நிறுத்து பஞ்சாலை. ஒத்த ஆளு சைக்கிளுக்கா இந்த அடி?” என்றாள் மயிலம்மாள்.

“லாரியா சைக்கிளான்னு பாத்துட்டு அடிக்கிறதுக்குள்ள ஆளைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவான் அண்ணி. எங்கண்ணனை ஜப்பான்காரன் அப்படித்தானே கொண்டுபோனான்?”

பஞ்சாலை மயிலம்மாளின் நாத்தனார். இந்த வீட்டில் இப்போது அவர்கள் இருவர் மட்டும்தான்.

எட்டாங்கட்டைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக நின்றது அந்த வரிசை. தோட்டத்துக் கங்காணியாக இருந்த மயிலம்மாளின் புருசன் நல்லசாமி கட்டியது. பத்து வாடகை வீடுகள், கடைசியில் ஒட்டினாற்போல் அவர் குடியிருந்த வீடு. மரக்கால், பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்து, வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், தோட்டம் மூடிக்கொண்டது. லயத்து வீடுகளைப் பட்டாளம் சாமான் கிடங்காக எடுத்துக்கொண்டது. நடுரோட்டுக்கு வந்த பால்மரத்துச் சனங்களுக்கு நல்லசாமி கதவைத் திறந்துவிட்டார். வாடகை பேசினார், வாங்கத்தான் வழியில்லை. வேலையில்லாத மனிதன் எதைக் கொடுப்பான்?

பிறகு ஒருநாள், வேலையில்லாமல் இருப்பவர்கள் யார் யார் என்று தோட்டத்து ஆபீசில் ஜப்பான்காரர்கள் கேட்டார்கள். வேலை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவன் தன் தலை தப்பினால் போதுமென்று வாய்க்கு வந்த பேர்களைச் சொன்னான். அதில் நல்லசாமி பேரும் விழுந்தது. சயாமில் ரயில்பாதை போடும் வேலை, மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். லாரி போய் ஒரு வருசம் ஆகிறது. ஒரு சேதியும் இல்லை.

சைக்கிளிலிருந்து இறங்கியவர் சிரம்பான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சீவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டைக் காலர் கிழிந்து, திருப்பித் தைத்திருந்தது.

“பயப்படாதேங்கோ அம்மா, நான் ஆள் பிடிக்க வரேல்லை. வரி விசயமா வந்தனான்.”

“வரியா? எங்ககிட்ட என்ன இருக்குன்னு வரி?” என்றாள் பஞ்சாலை.

“வீடு இருக்குதல்லோ. வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் புதுசா ஒரு வரி. போன மாசம்தான் உத்தரவு வந்தது.”

மயிலம்மாள் சோளத்தை வறுத்து இடித்த கறுப்புத் தண்ணியைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தாள். சீனி இல்லை. அவர் வாசல் பலகையில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். பிறகு விசயத்தைச் சொன்னார். சண்டைக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன வாடகையோ அதை வைத்துத்தான் கணக்கு. இந்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் வரிசையைப் பட்டாளம் எடுத்துக்கொள்ளும்.

“அப்ப இங்க இருக்கிற சனம்?”

“ரோட்டுக்குத்தான்.”

ரோட்டில் நிற்கிற ஆளுக்கு என்ன நடக்கும் என்பதை அங்கே யாரும் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

“வாடகையே வரலீங்களே ஐயா. வராத காசுக்கு எப்படி வரி?”

சீவரத்தினம் குரலைத் தாழ்த்தினார். “அதுக்குக் கழிவு உண்டு அம்மா. வாடகை தராத வீட்டைக் கணக்கில இருந்து கழிக்கலாம். ஆனா ஆர் ஆர் தரேல்லை எண்டு நீங்கள் பேர் சொல்ல வேணும்.”

“பேரு எதுக்கு?”

அவர் ரோட்டைப் பார்த்தார். “அதை என்னட்டைக் கேளாதேங்கோ.”

மயிலம்மாள் சிரட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். “பேரு சொல்ற வாயி எங்கிட்ட இல்லீங்க.”

“அண்ணி!” பஞ்சாலை அவளை இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனாள். உள்ளே பேசியதும் வெளியே நன்றாகத்தான் கேட்டது. “எங்கண்ணன் ரத்தத்தைச் சிந்திக் கட்டுன வீடு. அந்த மாணிக்கம்பய என்ன செய்யிறான்? பகலெல்லாம் கவுந்தடிச்சுத் தூங்குறான், எந்திரிச்சா கதையடிக்கிறான். ஒரு பேரு, ரெண்டு பேரு. மத்த சனமாவது பொழைக்கும்ல?”

“உங்கண்ணன் பேரைச் சொன்னவனும் அப்படித்தாண்டி நெனச்சிருப்பான். ஒரு பேரு, ரெண்டு பேருன்னு.”

இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

சீவரத்தினம் கிளம்ப எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஓலை கறுத்து மக்கித் தொங்கியது. ஓட்டை வழியே வெயில் காசு காசாக அவர் சட்டையில் விழுந்தது.

“அம்மா, இன்னொரு கழிவும் இருக்குது” என்றார். “வீட்டைச் செப்பனிட்ட செலவு. வந்த வாடகையை வீட்டிலேயே போட்டிருந்தால், வரிக்கு என்ன மிஞ்சும்? ஒண்டும் இல்லை.”

“செப்பனிடக் காசு வேணுமே ஐயா.”

“காசு வேண்டாம். குடியிருக்கிறவை தங்கட கையால கூரை போட்டால், அவை வாடகை குடுத்த மாதிரி. அதை நீங்கள் வீட்டில போட்ட மாதிரி. விளங்குதே? ஆனா அதிகாரி கண்ணால பாத்தாத்தான் ஒப்புவார். நாளையிண்டைக்குக் காலமை வாறார்.” சைக்கிளில் ஏறியபின் திரும்பிப் பார்த்தார். “நான் சொன்னதா ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கும் பிள்ளைகள் இருக்கினம்.”

சைக்கிள் கடகடத்துப் போனது. ரப்பர்க் காட்டிலிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது.

விசயத்தைக் கேட்டதும் இராஜமாணிக்கம் சிரித்தான். முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவன், எதற்கும் சிரிப்பான். “பத்து கூரை, ரெண்டு நாளு. ஏன் மயிலக்கா, கூடவே ஒரு கோபுரமும் கட்டிருவமா?”

“சிரிக்காத மாணிக்கம்” என்றான் முருகையா. எப்போதும் தரையைப் பார்த்தே பேசுகிற ஆள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் கூரை வேய்ந்த குடும்பம். இங்கே வந்து இருபது வருசம் பால்வெட்டும் உளிதான் பிடித்தான். “அத்தாப்பு ஓலைக்கு லிங்கி ஆத்துக்குப் போகணும். வழியில பட்டாளம் நிக்கிது. அது ஆகாது. ஆனா லாலாங் இருக்குல்ல?”

எல்லாரும் துரை பங்களா மேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். துரை பந்தடித்த திடல் அங்கே இருந்தது. முன்பு அதில் புல் ஒரு விரல் வளர்ந்தால் மண்டோருக்கு ஏச்சு விழும். இப்போது லாலாங் ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்றில் வெள்ளைக் கதிரை ஆட்டிக்கொண்டிருந்தது.

“தோட்டத்தை அழிக்கிற புல்லுன்னு காலமெல்லாம் புடுங்கிப் போட்டோம். இன்னிக்கு அதுதான் கூரை” என்றான் முருகையா.

அன்று முற்பகலில் தொடங்கியதை எப்படிச் சொல்வது? இரண்டு வருசமாக மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதுவும் காணாத உடம்புகள். சில பேருக்குக் கால் வீங்கியிருந்தது. கோணிச் சாக்கை வெட்டி உடுத்திய பெண்கள். அவர்கள் வரிசையாகத் திடலில் இறங்கி அரிவாளை வீசினார்கள். துரையின் காலத்தில் கூலிக்காகக்கூட அப்படி வேலை நடந்ததில்லை. லாலாங் சரசரவென்று சாய்ந்தது. விளிம்பு பட்ட கையெல்லாம் கீறிக் கீறி ரத்தம் கசிந்தது. பஞ்சாலைதான் எல்லாருக்கும் முன்னால் போனாள்.

“மெதுவாப் போ பஞ்சாலைக்கா. நீ புல்லை அறுக்கிறியா, என் பேரை நெனச்சு அறுக்கிறியா?” என்றான் இராஜமாணிக்கம். உள்ளே பேசியது அவன் காதுக்கும் போயிருந்தது.

பஞ்சாலையின் அரிவாள் ஒரு கணம் நின்றது. “ஒன்னையத்தான் நெனச்சேன். எங்கண்ணன் நெனப்பு வந்துச்சு, விட்டுட்டேன். புல்லுக்கட்டைத் தூக்குடா, கதை பேசாத.”

அவன் சிரிக்கவில்லை. கட்டைத் தூக்கினான். அன்று அவன் தூக்கிய அளவு கட்டுகளை வேறு யாரும் தூக்கவில்லை.

ஓடைக்கரை மூங்கில் வரிச்சானது. காட்டுப் பிரம்பு கிழித்துக் கயிறானது. முருகையா கூரைமேல் ஏறினான். தரையைப் பார்த்தே பேசுகிற மனிதன் மேலே போனதும் வேறு ஆள்! “உதறிக் குடு! தாளு மேல, நுனி கீழ! ஏய், அது கூரையா குருவிக் கூடா? பிரிச்சுக் கட்டு!” கீழேயிருந்து புல் கட்டு பறக்கும், அவன் ஒரு கையால் பிடித்து, முழங்காலால் அமுக்கி, பிரம்பைச் சுற்றி இழுப்பான். அடுத்த கட்டு அதற்குள் வந்துகொண்டிருக்கும். ஒரு கூரை முடியும் முன்னே அடுத்த கூரையின் மக்கிய ஓலையைப் பெண்கள் இழுத்துப் போட்டார்கள். கறுப்புத் தூசி மேகமாக எழும்பி எல்லார் முகத்தையும் ஒரே முகமாக்கியது.

முதல் நாள் பொழுது சாயும்போது மழை வந்தது. நனைந்துகொண்டே கட்டினார்கள். பெரிய அண்டாவில் மரவள்ளிக் கிழங்கு வெந்தது. அதை உப்பும் ஊசி மிளகாயும் வைத்து அரைத்ததில் தொட்டு, நின்றபடியே தின்றார்கள்.

மறுநாள் மாலை ஒன்பது கூரை முடிந்திருந்தது. திடல் மொட்டையாகிவிட்டது. மீதிப் புல் ஒரு கூரைக்கும் காணாது. பத்தாவது வீடு இராஜமாணிக்கத்துடையது. அவன் பெண்சாதி முத்தாயிக்கு இது நிறைமாதம்.

“ஒங்க வீட்டையும் பிரிச்சுப் போடணுமே மயிலக்கா. புல்லுக்கு எங்க போறது?” என்றான் முருகையா.

“எம்வீடு கெடக்கட்டும். அதுல நல்ல ஓலை கொஞ்சம் இருக்கு, உருவி முத்தாயி வீட்டுக்குப் போடு.”

“அண்ணி, மழை கட்டுது பாருங்க” என்றாள் பஞ்சாலை.

“அதான் சொல்றேன், வெரசா உருவச் சொல்லு. பச்சப் புள்ள வரப்போற வீடு.”

“வேணாம்க்கா” என்றான் இராஜமாணிக்கம். “நாங்க நனைஞ்சுக்குறோம்.”

“நீ நனைஞ்சுக்கடா. அவ எதுக்கு நனையணும்? ஏறுய்யா முருகையா.”

பத்தாவது கூரையின் முகட்டில் முருகையா கடைசிக் கட்டைப் போட்டு இறங்கியபோது மேகத்துக்குக் கீழே கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. அது வரிசைமேல் விழுந்தது. பத்து கூரையும் பச்சையும் பொன்னுமாக மின்னின. எல்லாரும் தாங்கள் செய்ததைத் தாங்களே நம்பாதவர்களைப்போல அண்ணாந்து நின்றார்கள். முருகையா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட மனசு வருமா? புதுக் கூரைக்குக் கீழே சும்மா நுழைந்தால் வீட்டுக்கு ஆகாது என்றாள் முத்தாயி. விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்தார்கள். தோட்டத்து ஸ்டோரில் கிடந்த பழைய சுண்ணாம்பைக் கரைத்துப் பலகைச் சுவரில் அடித்தார்கள். கீழே செம்மண் பட்டை. வாசலுக்கு வாசல் மாவிலைத் தோரணம், மஞ்சள் கிழங்கு, இரண்டு வாழைக்கன்று. கோலம் போட அரிசிமாவு ஏது? மரவள்ளி மாவு. பால் காய்ச்ச மாடு ஏது? தேங்காய்ப் பால். அது பொங்கி வழிந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள்.

சைக்கிள் கடகடத்து வந்தது. சீவரத்தினம் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றியபடி பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது… ரெண்டு நாளில செய்ததோ?” அவர் தொப்பியைக் கழற்றினார். யாருக்காகக் கழற்றினார் என்று தெரியாது. மறுபடி போட்டுக்கொள்ள மறந்து, சட்டென்று தலையில் கை வைத்தார். “ஐயோ அம்மா! என்ன வேலை செய்துபோட்டியள்!”

“ஏனுங்க? நல்லா இல்லையா?”

“நல்லா இருக்கிறதுதான் வில்லங்கம்! செப்பனிட்ட வீட்டுக்குத்தான் கழிவு. புதுசாக் கட்டினால் கழிவு இல்லை. தோரணம், வாழை, கோலம்… பாக்கிறவன் குடிபுகுற புது வீடு எண்டல்லோ சொல்லுவான்! வாடகையைக் கூட்டி, வரியையும் கூட்டுவாங்கள்.”

பஞ்சாலை ஓடிப்போய் ஒரு தோரணத்தை இழுத்தாள். அதற்குள் கார் வந்துவிட்டது.

வாளி அடிக்க ஆள் இல்லை, ஆண்களும் ஓடவில்லை. வாடகை கொடுத்தவர்கள் என்றால் கண்முன்னே நிற்கவேண்டும் என்று மயிலம்மாள் சொல்லியிருந்தாள். நின்றார்கள். இராஜமாணிக்கம் முத்தாயிக்கு முன்னால் நின்றான்.

அதிகாரி குள்ளமானவர். பளபளக்கும் பூட்ஸ், இடுப்பில் நீண்ட வாள். வந்து குனிந்து கும்பிட்ட சனத்தைத் தாண்டி நடந்தார். முதல் வீடு, இரண்டாம் வீடு. கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார். சுவரைத் தொட்டார், விரலில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது. சீவரத்தினத்தைத் திரும்பிப் பார்த்து மலாயில் ஒரே வார்த்தையில் கேட்டார். புதியதா என்று கேட்டது எல்லாருக்கும் விளங்கியது.

“பழசுதான்… பழுது பாத்தது” என்று கிராணி மலாயில் தடுமாறினார். அதிகாரி தலையை ஆட்டவில்லை. தோரணத்தைச் சுட்டிக் காட்டினார். வாழைக்கன்றைச் சுட்டிக் காட்டினார். கிளம்பலாம் என்பதுபோல், கையிலிருந்த குச்சியால் தன் காரைக் காட்டினார்.

மயிலம்மாள் முன்னே வந்தாள்.

“ஐயா, பழசு எப்படி இருந்துச்சுன்னு தொரை பாக்கணும்னு சொல்லுங்க. கடைசில இருக்கு. வரச் சொல்லுங்க.”

சீவரத்தினம் சொன்னார். அதிகாரி புருவத்தைச் சுருக்கினார், ஆனாலும் நடந்தார். வரிசையின் கோடியில் இருந்த வீட்டுக்குள் தலைகுனிந்து நுழைந்தார். பின்னாலேயே கிராணியும் மயிலம்மாளும். சனங்கள் வாசலில் மொய்த்தார்கள்.

உள்ளே கூரை என்று எதையும் சொல்ல முடியவில்லை. நல்ல ஓலையெல்லாம் போய், மக்கிய நாரும் கறுத்த வரிச்சும் மிச்சம். வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. ராத்திரி பெய்த மழை இன்னும் ஓலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தரை முழுவதும் மங்குகள். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் மங்குகள், கால் வைக்க இடமில்லாமல், ஒவ்வொரு ஒழுக்குக்கும் ஒன்று. டிங், டொங், டிங். நிறைந்த மங்குக்கு ஒரு சத்தம், காலி மங்குக்கு ஒரு சத்தம். நனையாத ஒரு மூலையில் நல்லசாமியின் சட்டை மட்டும் ஆணியில் தொங்கியது.

அதிகாரியின் தொப்பியில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் நகரவில்லை. இன்னொன்று தோளில் விழுந்தது. அவர் மங்குகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு வீட்டின் நடு மரக்காலைக் கையால் தடவினார். வெளியே போய், பத்தாவது வீட்டின் மரக்காலையும் அதேபோல் தடவினார். இரண்டும் ஒரே மரம், ஒரே வயசு, ஒரே கங்காணியின் வாச்சி செதுக்கியது. அண்ணாந்து புதுக் கூரையைப் பார்த்தார். புல் கீறிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது என்னவென்று அங்கே நின்ற யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சுருக்கமாக ஏதோ சொன்னார்.

சீவரத்தினத்தின் தோள் இறங்கியது. “செப்பனிட்டதுதான் எண்டு ஒப்புக்கொண்டார் அம்மா. பத்து வீட்டுக்கும் கழிவு தாறார்.”

பஞ்சாலை வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். முத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காருக்குப் போன அதிகாரி கதவைப் பிடித்தபடி நின்று, மறுபடி ஏதோ கேட்டார். கிராணியின் முகம் வெளுத்தது. அவர் மயிலம்மாளைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துப் பேசினார்.

“உந்தக் கடைசி வீட்டுக்கு மட்டும் ஏன் கூரை போடேல்லை எண்டு கேக்கிறார் அம்மா. அப்ப இந்த வரிசையில வாடகை குடுக்காதவை ஆரும் இருக்கினமோ? இருந்தாப் பேர் வேணுமாம்.”

இராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டான். மயிலம்மாள் வரிசையைப் பார்த்தாள், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை. தலைமுந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஒருத்தி இருக்கா கிராணி ஐயா. தன் கூரைக்கு ஒரு கத்தைப் புல்லுகூடப் போடாம அந்த ஓட்டை வீட்டுல சும்மா குடியிருக்கா. பேரு மயிலம்மா, எழுதிக்கச் சொல்லுங்க.”